கணினியின் முதல் பாடம் எங்கே தொடங்குவது?

நெய்வேலி நகரியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கணினி படிக்க நினைக்கும் பிள்ளைக்கு, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய வழிகள் சில உண்டு. நகரியத்துக்குள்ளேயே ஜவகர் அறிவியல் கல்லூரி இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் பணிக்கன்குப்பத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. விருத்தாசலத்திலும் கடலூரிலும் அரசு கலைக் கல்லூரிகள். சற்றே நீண்ட பேருந்துப் பயணத்துக்குத் துணிந்தால் சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் ஒரு பாடம் எதிர்ப்படும். அதன் பெயர் இடத்துக்கு இடம் மாறும்: டிஜிட்டல் லாஜிக், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், மைக்ரோபிராசசர். உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான். நாம் எழுதும் நிரல் இந்தப் பெட்டிக்குள் எப்படி ஓடுகிறது?

இதற்கு விடை சொல்லும் முதல் பாடத்தை எங்கே தொடங்குவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று உலகெங்கும் ஆசிரியர்கள் அரை நூற்றாண்டாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தின் தரப்புகளைப் பார்த்துவிட்டு, கடலூர் மாவட்டத்தின் வகுப்பறைகளுக்கு எது பொருந்தும் என்று யோசிப்பதே இங்கே நோக்கம்.

முதலில் நம்மிடம் இருப்பது என்ன? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கணினிப் பொறியியல் மாணவர் முதல் பருவத்தில் பைதான் படிக்கிறார். இரண்டாம் பருவத்தில் சி. மூன்றாம் பருவத்தில் 'டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன்' வருகிறது. 2017 ஒழுங்குமுறையில் தனித்தனியாக இருந்த டிஜிட்டலும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரும் இதில் ஒரே தாளாகச் சுருங்கியிருக்கின்றன. ஐந்து அலகுகள். முதல் இரண்டில் லாஜிக் சுற்றுகளும் ஃபிளிப்-ஃபிளாப்புகளும், மூன்றாவதில் கணினி அடிப்படை, நான்காவதில் பிராசசர், ஐந்தாவதில் நினைவகமும் உள்ளீடு-வெளியீடும். இயக்க அமைப்பு நான்காம் பருவத்துக்குப் போகிறது. கம்பைலரும் நெட்வொர்க்கும் ஐந்தாம் பருவத்துக்கு. முன்பு தனித் தாளாக நின்ற மைக்ரோபிராசசரிலிருந்து எஞ்சிய 8051, ஆறாம் பருவத்தின் எம்பெடட் சிஸ்டம்ஸ் தாளுக்குள் ஒண்டிக்கொண்டது.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. அலகுகள் நல்ல அலகுகள். பரிந்துரைக்கும் நூல்கள் உலகம் மதிக்கும் நூல்கள். ஆனால் இரண்டாம் பருவத்தில் எழுதிய அந்த நாலு வரி சி நிரல் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். அதை இயந்திர மொழியாக்குவது ஐந்தாம் பருவத்தின் வேலை. நினைவகத்தில் ஏற்றி ஓட்டுவது நான்காம் பருவத்தின் வேலை. ஓடும்போது பிராசசருக்குள் நடப்பது மூன்றாம் பருவத்தின் வேலை. நிரல் ஒன்று, அதன் உடல் நான்கு தாள்களில் கிடக்கிறது. நான்கையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்லும் கேள்வி எந்தத் தாளிலும் வருவதில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று என்று அமைந்த தேர்வில், ஒவ்வொரு கேள்வியும் ஓர் அலகுக்குள் பிறந்து அந்த அலகுக்குள்ளேயே முடிகிறது.

இங்கே நெய்வேலிச் சுரங்கமே நல்ல உவமை. மேலே மேல்மண், அதன் கீழே பழுப்பு நிலக்கரி, அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி உந்தும் அந்த நீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் நிற்கும். நிலக்கரியை வெட்டுகிறவர் 'என் வேலை நிலக்கரி மட்டுமே, தண்ணீர் வேறு துறை' என்று இருந்துவிட முடியாது. கணினியும் அடுக்குகளால் ஆனது. மேலடுக்கில் வேலை செய்கிறவர் கீழடுக்கை மறந்திருக்கலாம் என்பதுதான் அடுக்கு முறையின் வசதி. பெரும்பாலான நாட்களில் அந்த வசதி கைகொடுக்கும். கைவிடும் நாளில் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் பாடத்தின் வேலை அந்த நாளுக்கு ஆயத்தப்படுத்துவது என்பது என் நிலைப்பாடு. இனி வரும் எல்லாவற்றையும் அந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

தரப்புகளுக்கு வருவோம். பழைய தரப்பு கீழிருந்து மேலே ஏறுவது. இந்தியாவில் இதன் முகம் மோரிஸ் மானோ. 1976இல் முதலில் வந்த அவருடைய 'கம்ப்யூட்டர் சிஸ்டம் ஆர்க்கிடெக்சர்' நம் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அடிக்கோடுகளோடு கிடைக்கும். கேட், ஃபிளிப்-ஃபிளாப், ரெஜிஸ்டர் என்று ஏறி, 4096 சொல் நினைவகமும் 25 ஆணைகளும் கொண்ட ஒரு சின்னக் கணினியை மானோ தாளிலேயே கட்டிக்காட்டுவார். அழகான வேலை. அதே ஆண்டு வந்த ஆண்ட்ரூ டனன்பாமின் நூல் கணினியை அடுக்கடுக்கான இயந்திரங்களாகவே பார்க்கக் கற்றுக்கொடுத்தது. மானோவைப் படித்த நம் தலைமுறைக்கு ஒன்று குறைந்தது: அந்தச் சின்னக் கணினி தாளைவிட்டு வெளியே வரவே இல்லை. அதைப் படம் வரைந்தோம், மதிப்பெண் வாங்கினோம், ஓட்டிப் பார்த்ததில்லை.

ஓட்டிப் பார்க்கலாம் என்று காட்டியவர்கள் நோம் நிசானும் ஷிமோன் ஷோக்கனும். 2005இல் வந்த அவர்களுடைய நூல், நாண்ட் என்ற ஒரே ஒரு கேட்டைக் கையில் கொடுத்து, மற்ற கேட்டுகளையும், கூட்டும் சுற்றையும், நினைவகத்தையும், ஹேக் என்ற 16 பிட் பிராசசரையும், அசெம்பிளரையும், கம்பைலரையும் மாணவரையே கட்டச் சொல்கிறது. பன்னிரண்டு படிகள். கடைசியில் டெட்ரிஸ் போன்ற விளையாட்டு அந்த இயந்திரத்தில் ஓடும். தேவையான மென்பொருள் இலவசம். சென்னை ஐஐடியின் காமகோடி 'ஃபவுண்டேஷன்ஸ் டு கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் டிசைன்' என்று இந்தத் தடத்திலேயே என்பிடெல்லில் பாடம் நடத்தியிருக்கிறார். ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் சக்தி பிராசசர்களை உருவாக்கும் குழுவை நடத்தியவரே, தொடக்க மாணவருக்கு நாண்ட் கேட்டிலிருந்து பாடம் சொல்வது கவனிக்கத்தக்கது. சக்தி வரிசைச் சில்லு ஒன்றில் லினக்ஸ் ஓடியது 2018இல். நம் ஊர் மாணவர் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், கேட்டிலிருந்து பிராசசர் வரையான தூரம் கடக்கக்கூடியது என்ற நம்பிக்கை வரும்.

இந்தத் தரப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஹேக் இயந்திரத்தில் இன்டரப்ட் கிடையாது, கேஷ் கிடையாது, ஒரே நேரத்தில் இரண்டு நிரல் ஓடுவது கிடையாது. கட்டி முடித்த பெருமிதத்தோடு வெளியே வரும் மாணவருக்கு, உண்மையான மடிக்கணினியில் தன் நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லத் தெரியாமல் போகலாம். யேல் பாட் 1995இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவருக்கே தொடங்கிய பாடம் இதில் சற்று மேல். அவரும் சஞ்சய் படேலும் எழுதிய நூல், பிட்டில் தொடங்கி ஒரு சிறிய பாட இயந்திரம் வழியாக சி மொழிக்கு ஏறுகிறது, இன்டரப்ட்டையும் விடுவதில்லை. மாணவருக்கு எதையும் மாயமாக விட்டுவைக்கக் கூடாது என்பது பாட்டின் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

எதிர்த்தரப்பு நிரலிலிருந்து கீழே இறங்குவது. 1998இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராண்டல் பிரையன்ட்டும் டேவிட் ஓ'ஹாலரனும் தொடங்கிய பாடம் இதன் தாய்வீடு. அவர்களுடைய வாதம் எளிமையானது: கணினி படிப்பவர்களில் பிராசசர் வடிவமைக்கப் போகிறவர் வெகு சிலர், மற்ற அனைவரும் நிரல் எழுதப் போகிறவர்கள். ஆகவே நிரல் எழுதுபவரின் கண்ணால் இயந்திரத்தைக் காட்டு. அந்தப் பாடத்தின் செய்முறைகள் இன்று பல நாடுகளில் பிரபலம். ஒன்றில் மாணவருக்கு ஒரு 'வெடிகுண்டு' நிரல் தரப்படும். மூல நிரல் கிடையாது. டீபக்கரை வைத்து இயந்திர ஆணைகளைப் படித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியான சொல்லைக் கண்டுபிடித்துத் தட்ட வேண்டும். தவறினால் குண்டு 'வெடிக்கும்', மதிப்பெண் குறையும். அசெம்பிளி என்றாலே கொட்டாவி விடும் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்து அசெம்பிளி படிக்க வேறு உபாயம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தத் தரப்பு எதைத் தருகிறது என்பதற்கு இரண்டு சோதனைகள் போதும். சி மொழியில் 200, 300, 400, 500 ஆகிய நான்கையும் பெருக்கி, 32 பிட் முழு எண்ணாக வைத்துப் பாருங்கள். நம் மடிக்கணினிகளில் சாதாரணமாக வரும் விடை -88,49,01,888. ஆயிரத்து இருநூறு கோடியை 32 பிட்டுக்குள் அடைக்க முடியாது. மீதி வெட்டுப்பட்டு, மேல் பிட் குறி ஆகிவிடுகிறது. அடுத்தது, 2048 வரிசை, 2048 நெடுவரிசை கொண்ட அணியை வரிசைவாரியாகப் படித்து நகலெடுப்பது ஒரு முறை, நெடுவரிசைவாரியாகப் படித்து நகலெடுப்பது ஒரு முறை. கணக்கு ஒன்றுதான், செய்யும் வேலையின் அளவும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது பல மடங்கு நேரம் எடுக்கும். காரணம், நினைவகத்திலிருந்து கேஷுக்கு 64 பைட் கட்டாகத்தான் தரவு வரும். அதில் 16 முழு எண்கள் இருக்கும். வரிசைவாரியாகப் போனால் பதினாறும் பயன்படும். நெடுவரிசைவாரியாகப் போனால் ஒன்றை எடுத்துக்கொண்டு பதினைந்தை வீணாக்கி அடுத்த கட்டுக்கு ஓட வேண்டும். கேஷ் பற்றி ஐந்தாம் அலகில் மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்த மாணவர், இந்தக் கடிகார வித்தியாசத்தைத் தன் கண்ணால் பார்த்ததே இல்லை என்றால் அந்த மூன்று பக்கத்தால் என்ன லாபம்?

இந்த முறைக்கும் விலை உண்டு. சி மொழி கைவந்திருக்க வேண்டும், லினக்ஸ் வேண்டும், எக்ஸ்86 என்ற குழப்பமான ஆணைத்தொகுதியோடு மல்லுக்கட்ட வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் வெடிகுண்டையும் கண்காணிக்க உதவியாளர்களும் தானியங்கித் திருத்தியும் வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த ஒரு வகுப்பில் இதை அப்படியே இறக்கினால் பாதிப் பேர் மூன்றாம் வாரத்திலேயே தொலைந்துபோவார்கள்.

நடுவே ஒரு தரப்பு உண்டு: பாட்டர்சனும் ஹென்னசியும். 1994இல் முதல் பதிப்பு கண்ட அவர்களுடைய நூல் வன்பொருளும் மென்பொருளும் சந்திக்கும் இடத்தில் நின்று பேசுகிறது. அண்ணா பல்கலைக்கழகத் தாளின் பின் பாதி இதைத்தான் பின்பற்றுகிறது. நூல் சிறந்தது. அதன் உயிர் வேகத்தை அளப்பதில் இருக்கிறது, நாமோ அளவையைவிட்டுப் பைப்லைன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டுக்கென்றே ஒரு தரப்பும் இருந்தது. அதை எந்தச் சர்வதேசப் பாடத்திட்ட அறிக்கையிலும் பார்க்க முடியாது. 8085 கிட். பதினாறு எண்விசைகள், சிவப்பில் ஒளிரும் ஆறு செவன்-செக்மென்ட் எழுத்துகள், தனியாக ஒரு பவர் சப்ளை. இன்டெல் 1976இல் வெளியிட்ட எட்டு பிட் பிராசசர், ரமேஷ் கோங்கரின் தடித்த நூல், 4100 என்ற தொடக்க முகவரி. தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸோ கணினியோ படித்த ஒரு தலைமுறையிடம் 4100 என்று சொன்னால் உடனே ஆய்வகம் கண்முன் வரும். கூட்டிய விடையை 4500 என்ற முகவரியில் சேமிக்க 32, 00, 45 என்று மூன்று பைட் தட்ட வேண்டும். 45, 00 அல்ல. சின்னப் பாதி முன்னால். ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம், 'அப்படித்தான்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். அதே தலைகீழ் வரிசைதான் இன்றைய மடிக்கணினியின் இன்டெல் பிராசசரிலும் இருக்கிறது. கிட்டையும் மடிக்கணினியையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால், பழைய சரக்கு என்று ஒதுக்கிய 8085 புதிய இயந்திரத்தின் முன்னோர் என்று பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும்.

கிட்டைக் காலாவதி என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் தட்டிய பைட்டுதான் நினைவகத்தில் இருக்கிறது, வேறெதுவும் இல்லை என்ற நிச்சயத்தை 64 கிலோபைட் முகவரி வெளி கொண்ட அந்த ஏழை இயந்திரம் தந்த அளவுக்கு வேறெதுவும் தந்ததில்லை. அதை நாசமாக்கியது சோதனைப் பட்டியல். எட்டு பிட் கூட்டல், கழித்தல், பெருக்கல், ஏறுவரிசை, இறங்குவரிசை என்று ஆண்டுதோறும் அதே பட்டியல், அதே விடை. இன்டரப்ட் பற்றிய கேள்விக்கு டிராப், ஆர்எஸ்டி 7.5, 6.5, 5.5, ஐஎன்டிஆர் என்று ஐந்து பெயரை முன்னுரிமை வரிசையில் எழுதினால் இரண்டு மதிப்பெண். எதனாலும் தடுக்க முடியாத டிராப், மின்சாரம் போகப்போகும் கணத்தில் முக்கியத் தரவைக் காப்பாற்றப் பயன்படக்கூடியது. மின்சாரம் செய்யும் ஊரின் பக்கத்துக் கல்லூரியில்கூட அதைச் செய்துகாட்டிய ஆய்வகம் அரிது.

இந்த ஊரின் பக்கத்தில் படிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. அதைப் பாடத்திட்டம் கண்டுகொள்ளவில்லை. நெய்வேலிப் பிள்ளைகளுக்குக் கன்வேயர் பெல்ட் புதிதல்ல. சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வெட்டியதை ஒரு பெல்ட் அடுத்த பெல்ட்டில் கொட்டும், அது அதற்கடுத்ததில் கொட்டும். முன்னால் உள்ள பெல்ட் நின்றுபோய்ப் பின்னால் உள்ளது ஓடிக்கொண்டே இருந்தால், கொட்டும் இடத்தில் மலையாய்க் குவிந்துவிடும். ஆகவே ஒரு விதி: முன்னால் உள்ள பெல்ட் ஓடினால்தான் பின்னால் உள்ளது ஓடலாம், அதோடு ஓரத்தில் ஓடும் அவசரக் கயிற்றை யாரும் இழுத்திருக்கக் கூடாது, மோட்டார் சூடாகியிருக்கக் கூடாது. மூன்று நிபந்தனையும் சேர்ந்தால்தான் ஓட்டம். முதல் அலகின் ஆண்ட் கேட் இதுதான். உண்மைப் பட்டியலை எழுதச் சொன்னால் எட்டு வரியில் எழுதிவிடலாம். ஒவ்வொரு வரிக்கும் களத்தில் ஒரு பொருள் இருக்கும்.

இரண்டாம் அலகும் அங்கேயே இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது எப்படி? எலக்ட்ரீஷியனைக் கேட்டால் 'ஹோல்டிங் கான்டாக்ட்' என்பார். மோட்டாரை இயக்கும் கான்டாக்டரே தன்னுடைய ஒரு கான்டாக்ட்டை ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக மூடிவைத்துக்கொள்கிறது. வெளியீடு திரும்பி வந்து உள்ளீட்டைத் தாங்குகிறது. ஃபிளிப்-ஃபிளாப் ஒரு பிட்டை நினைவில் வைத்திருப்பதும் இதே உபாயத்தால்தான். ஸ்டாப் பட்டன் ரீசெட். ஐடிஐ படித்த ஃபிட்டருக்குக் கையால் தெரிந்ததும், மூன்றாம் பருவ மாணவர் ஐந்து படம் வரைந்து படிப்பதும் ஒன்று என்று சொல்லிக்கொடுக்க ஒரு பாட வேளை போதும்.

இன்றைக்கு இத்தகைய வேலைகளைப் பெரும்பாலும் பி.எல்.சி. என்ற நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறது. அது இயங்கும் விதம் முதல் பாடத்துக்கென்றே செய்துவைத்தது போலிருக்கும். உள்ளீடுகளை எல்லாம் ஒருமுறை படித்துக்கொள்ளும், லேடர் லாஜிக்கை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டும், வெளியீடுகளை எழுதும், மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நடுவே 5 மில்லிசெகண்ட் மட்டும் வந்துபோன ஒரு சிக்னலை அது பார்க்காமலே விட்டுவிடலாம். அதைத் தவறவிடக் கூடாது என்றால் இன்டரப்ட் வேண்டும். சுற்று எங்காவது சிக்கி நின்றுவிட்டால் வாட்ச்டாக் டைமர் இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். போலிங், இன்டரப்ட், டைமர் என்று பாடத்தில் தனித்தனித் தலைப்பாகக் கிடப்பவை, ஒரு பெல்ட்டை நிறுத்துவதா வேண்டாமா என்ற ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன. 1962இல் நெய்வேலியின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியபோது இந்தியாவில் கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த முதல் நிலையம் 2020இல் ஓய்வுபெற்றபோது கணினியைத் தொடாத மின் நிலையத்தைக் காண்பதே அரிதாகிவிட்டது. இடைப்பட்ட மாற்றம் முழுவதும் பாடப்புத்தகத்துக்கு வெளியே நடந்து முடிந்தது.

அடுக்குகளின் இணைப்பில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் சாட்சிகள் நிறைய. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அதன் கடிகாரம் பத்தில் ஒரு செகண்டாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பது இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும். அதை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். நூறு மணிநேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளிப் பிழை 0.34 செகண்டாக வளர்ந்தது. அந்த நேரத்துக்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 1996 ஜூன் 4 அன்று ஏரியேன் 5 ராக்கெட் புறப்பட்ட நாற்பது செகண்டுக்குள் சிதறியதற்குக் காரணம், 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்தது. நம் பிளஸ் ஒன் பாடநூலிலேயே எண் முறைகள் இருக்கின்றன. இரும எண்ணாக மாற்றத் தெரியாத கணினி மாணவர் இல்லை. மாற்றும்போது என்ன தொலைகிறது என்று கேட்கப்பட்ட மாணவர்தான் குறைவு.

மின் நிலையத்துக்கு இன்னும் நெருக்கமான சாட்சிகளும் உண்டு. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், சீமென்ஸ் பி.எல்.சி.களுக்குள் தன் ஆணைகளை நுழைத்துவிட்டு, அவற்றைப் பார்க்க வந்த பொறியாளரின் திரையில் எல்லாம் வழக்கம்போல இருப்பதாகக் காட்டியது. திரைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருந்த ஓர் அடுக்கில் அது ஒளிந்திருந்தது. 2019 அக்டோபரில் கூடங்குளத்தில் ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்கான வலையில் இருந்த கணினி, அணு உலைக் கட்டுப்பாட்டு வலை தனியாகப் பிரிக்கப்பட்டது என்று விளக்கமும் தந்தது. அந்தப் பிரிப்பு என்றால் என்ன, எது எதோடு பேசலாம், பேசக் கூடாது என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் எந்தத் தாளைப் படித்து வருவார்கள்?

அமெரிக்காவின் ஏசிஎம், ஐஇஇஇ அமைப்புகள் 2013இல் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டியில் 'சிஸ்டம்ஸ் ஃபண்டமென்டல்ஸ்' என்று புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். ஆர்க்கிடெக்சர், இயக்க அமைப்பு, நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் பொதுவான கருத்துகளைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கே அப்போதுதான் தோன்றியிருக்கிறது. ஆகவே இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. இதற்கிடையே, செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது இந்தப் பாடம் எதற்கு என்றொரு குரலும் கேட்கிறது. நிரலை யார் எழுதினாலும் ஓடப்போவது இதே இயந்திரத்தில்தான். எழுதித் தந்ததைச் சோதிக்கும் பொறுப்பும் நம் தலையில் இருக்கிறது. அந்தக் குரலுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

சரி, கடலூர் மாவட்டத்துக் கல்லூரி ஆசிரியர் என்ன செய்ய முடியும்? தன்னாட்சிக் கல்லூரிக்கு ஓரளவு கைவீச்சு உண்டு. இணைப்புக் கல்லூரியின் ஆசிரியருக்குப் பாடத்திட்டமும் கையில் இல்லை, வினாத்தாளும் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது வாரத்துக்கு இரண்டு மணிநேர ஆய்வகம். அண்ணா பல்கலைக்கழகத் தாளின் செய்முறைப் பட்டியலில் கேட்டுகள், கூட்டும் சுற்று, கவுன்டர் எல்லாம் முடிந்த பிறகு, சிமுலேட்டர் மூலம் கணினிக் கட்டமைப்பைப் படிப்பது என்று ஒரு வரி இருக்கிறது. எந்த சிமுலேட்டர், எந்தப் பயிற்சி என்று வரையறை இல்லை. பல இடங்களில் ஒரு மாதிரிப் படத்தை ஒட்டிக் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அந்த ஒரு வரியில் ஒரு கதவு தெரிகிறது.

அந்தக் கதவு வழியாக நான் கொண்டுபோவது ஒரே ஒரு நிரல். பத்து எண்களைக் கூட்டும் சி நிரல், இரண்டாம் பருவத்தில் எல்லோரும் எழுதியது. அதை ஜிசிசி என்ற கம்பைலர் அசெம்பிளியாக மாற்றித் தரும். கல்லூரிக் கணினியில் லினக்ஸ் இல்லையென்றால் மாட் காட்போல்ட் 2012இல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் போதும், பிரவுசர் இருந்தால் ஆயிற்று. அடுத்த வாரம் அதே நிரலை ஜிடிபி என்ற டீபக்கரில் ஒவ்வோர் ஆணையாக நகர்த்தி ரெஜிஸ்டர் மாறுவதைப் பார்ப்பது. அடுத்து, அதே கூட்டலை 8085 கிட்டில் கையால் தட்டுவது. அலமாரியில் தூசி படிந்த கிட்டுகள் பல கல்லூரிகளில் இன்னும் இருக்கின்றன. பிறகு பத்து எண்ணைக் கோடி எண்ணாக்கி, வரிசையாகப் படிப்பதற்கும் தாவித்தாவிப் படிப்பதற்கும் நேரம் பார்ப்பது. நேரம் மிச்சமிருந்தால் கேட்டிலிருந்து ஒரு கூட்டும் சுற்றைக் கட்டி, இத்தனை நாளும் கூட்டியது இதுதான் என்று காட்டுவது. கீழிருந்து ஏறுவதா, மேலிருந்து இறங்குவதா என்ற பழைய வாதத்தில் நான் இறங்குபவன் பக்கம். ஆனாலும் நிசான்-ஷோக்கனின் இயந்திரத்தைக் கோடை விடுமுறைக்குப் பரிந்துரைப்பேன். அதைத் தனியே உட்கார்ந்து கட்டும் ஒரு பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். சுற்றுலா என்று ஒன்று போவதாக இருந்தால், நிறுவனம் அனுமதித்தால், ஒரு மின் நிலையக் கட்டுப்பாட்டு அறை; இல்லையென்றால் ஊரில் ஓர் அரிசி ஆலையின் மோட்டார் பேனல்கூட ஹோல்டிங் கான்டாக்ட்டைக் காட்டப் போதும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. தடை வினாத்தாளில்தான் இருக்கிறது. வினா மாறாதவரை, ஆய்வகத்தில் செய்வதெல்லாம் ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வமாகவே நிற்கும். பருவத் தேர்வில் இப்படி ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம்: 8085 கிட்டில் 90ஐயும் 80ஐயும் கூட்டினால் அக்குமுலேட்டரில் 10 தெரிகிறது. அதே இரண்டு பதினாறடிமான எண்களை சி மொழியில் கூட்டி எட்டு பிட் அன்சைன்ட் மாறியில் வைத்து அச்சிட்டால் 16 வருகிறது. பைதானில் 272 வருகிறது. மூன்றும் சரியே என்று நிறுவுக. கிட்டில் காணாமல்போன பகுதி எங்கே இருக்கிறது என்றும் கூறுக.

முதல், இரண்டாம், மூன்றாம் பருவங்களைத் தொடும் இந்தக் கேள்விக்குத் தாராளமாகப் பதின்மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். எந்த அலகின் கீழ் இதை அச்சிடுவது என்பதில்தான் வினாத்தாள் அமைப்பவருக்குச் சிக்கல்.